பெண் பெற்றது யார் குற்றம்?

பெண்ணாய்ப் பெற்றாள் என்று மருமகளை வைகிறோம். ஆண் வேண்டிப் பழனியாண்டவனுக்கு முடி நேர்ந்துகொள்ளுகிறோம். அந்தப் பழனி மலைத்தொடரிலேயே, கொடைக்கானல் சோலைகளில் பறக்கும் பட்டாம்பூச்சியைப் பாருங்கள். உயிரணுவிலுள்ள குரோமோசோம் என்னும் இழைகளில் ஆண்பூச்சிக்கு இரண்டு இசட். பெண்பூச்சிக்குப் பெரும்பாலும் ஒரு இசட், ஒரு டபிள்யூ. ஆகவே அங்கே ஆணா பெண்ணா என்பது தாயின் முட்டையைப் பொறுத்தது.

மனிதரிலோ தலைகீழ். தாய் கொடுப்பது எக்ஸ் மாத்திரமே. எக்ஸோ ஒய்யோ வருவது தகப்பனிடமிருந்துதான். 1905-இலேயே நெட்டி ஸ்டீவன்ஸ் என்னும் அமெரிக்க அம்மையார் ஒரு வண்டினத்தில் ஆண் விந்தணு இருவகை என்று காட்டிவிட்டார்.

எழுதி வைத்தவன் ஒருவனானால் பூச்சிக்கொரு விதி, மனிதனுக்கொரு விதி ஏன் என்று நாம் கேட்கின்றோம். தகப்பனும் தெரிந்து கொடுப்பதில்லை. ஆதலால் அவனும் குற்றவாளியல்ல. ஆனால் மருமகளை வைகிற வாய்தான் குற்றமுடையது. அதை இன்றே மூடுங்கள்!