கீபோர்ட் விரலும் அக்கோடியன் துருத்தியும்



கீபோர்ட் வாசிக்கிற பிள்ளையள் அக்கோடியனை எடுத்தால் வலக்கைக்குப் புதுசு ஒண்டுமில்லை, அதே கட்டைகள்தான். கஷ்டமெல்லாம் இடக்கையில். கட்டையை எவ்வளவு அமத்தினாலும் சத்தம் கூடாது; அது துருத்தியில் இருக்குது. பாடுறவர் மூச்செடுக்கிற இடத்திலதான் துருத்தியைத் திருப்பவேணும். நடுச்சொல்லில் திருப்பினால் பாட்டு அறுந்துபோகும். ஆகவே முதல் கிழமை பாட்டே வேண்டாம். ஒரே சுரத்தை மெதுவாய் இழுத்து, மெதுவாய் மூடுங்கோ.

பெரிய பெட்டியில் இடப்பக்கம் 120 பொத்தான், கண்ணால் பார்க்கேலாது. 'சி' பொத்தானில் சின்னக் குழி இருக்கும், விரல் அதைத் தேடிப் பிடிக்கட்டும். மேலே 'ஜி', கீழே 'எஃப்'. இந்த மூண்டோடையே கனக்கப் பாட்டுக்குத் துணை வாசிக்கலாம்.

எம்.எஸ்.வி. குழுவில் மங்களமூர்த்தி வாசிச்ச அக்கோடியனைக் கேட்டுப் பாருங்கோ, எங்கே மூச்சு விடுது எண்டு விளங்கும்.

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் வருசக்கணக்காய்க் கரண்ட் இல்லை. பெரியவையளைக் கேளுங்கோ. அந்த இருட்டிலும் வாசிக்கக்கூடிய பெட்டி இது.

சங்க அறையில் பழசு ஒண்டு கிடக்குது, பத்துக் கிலோ வரும். ஞாயிறு பின்னேரம் வாங்கோ, தோளில மாட்டி விடுறன்.