பூர்ச்ச மரம்



கங்கையைத் திருச்சடையில் தரித்த பெருமானுக்கு விழாவெடுக்கும் இந்நாளில், அக்கங்கை தோன்றும் இடத்தருகே நிற்கும் ஒரு மரத்தைச் சிந்திப்போமாக.

கங்கோத்திரியினின்று கோமுகம் செல்லும் வழியில், ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரத்தில், போஜ்பாசா என்றோர் இடம் உண்டு. போஜ மரங்களால் அப்பெயர் பெற்றது. வடமொழியில் பூர்ஜம் என்றும், தமிழில் பூர்ச்சம் என்றும் வழங்குவது இம்மரமே. ஆங்கிலேயர் பிர்ச் என்பர். ஜெர்மானியர் பிர்கே என்பர். உருசியர் பெரியோசா என்பர். இவை யாவும் ஒரே வேரினின்று கிளைத்தவை என்றும், ஒளி, வெண்மை என்பன அவ்வேரின் பொருள் என்றும் மொழிநூலார் கூறுவர். பனிமலைச் சாரலில், நீறு பூசிய அடியாரைப் போல், வெளிறிய பட்டையுடன் நிற்கும் மரத்துக்கு அப்பெயர் எத்துணைப் பொருத்தம்!

இதன் பட்டை மெல்லிய தாள்களாக உரியும் இயல்பினது, எளிதில் மட்காதது. ஏறத்தாழ 1030ஆம் ஆண்டில் பாரதநாட்டைப் பற்றி நூல் செய்த அல்பிரூனி, வடபுலத்தார் இப்பட்டைக்கு எண்ணெய் தடவி மெருகேற்றி எழுதுவர் என்றும், தென்னாட்டார் ஓலையில் துளையிட்டுக் கயிறு கோத்து ஏடாக்குவர் என்றும் குறித்துள்ளார். நமக்குப் பனை செய்த தொண்டினைக் காசுமீரத்தார்க்குப் பூர்ச்சம் செய்தது என்க. வசுகுப்தர், அபிநவகுப்தர் முதலானோர் வளர்த்த சிவநெறி நூல்கள், சாரதை எழுத்தில் இப்பட்டைகளின்மேல் எழுதப்பெற்று வழிவழி காக்கப்பெற்றன. 1881ஆம் ஆண்டில் பெசாவர் நகருக்கு அணித்தான பக்சாலி என்னும் ஊரில் மண்ணினின்று கிடைத்த கணித நூலின் 70 ஏடுகளும் பூர்ச்சப் பட்டைகளே. எழுதியவர் மறைந்தார், மரமும் மறைந்தது, எழுத்து நின்றது.

இத்தகைய மரத்துக்கு நாம் செய்த கைம்மாறு யாது? கோமுகம் செல்லும் வழியில் யாத்திரிகர்களுக்கு அடுப்பெரிக்க இதனை வெட்டினர். யந்திரம் எழுதவும் நினைவுப்பொருளாகக் கொள்ளவும் பட்டையை உரித்தனர். மேல்தாளோடு நில்லாமல் உட்பட்டையையும் சுற்றி உரித்தால், இலையில் சமைந்த உணவு வேருக்கு இறங்காது, மரம் பட்டுவிடும். கோடை குறுகிய அவ்வுயரத்தில் இன்னொரு மரம் வளர நெடுங்காலம் ஆகும்.

'முன்னோரும் உரித்தாரன்றோ?' என வினவலாம். உரித்தார்; எழுத வேறு பொருள் அரிதாயிருந்த அந்நாளில், நூலைக் காக்க உரித்தார். காகிதமும் அச்சும் மலிந்த இந்நாளில் நமக்கு அத்தேவை உண்டோ? பூசைக்கு மலர் கொய்யுங்காலும் செடி வருந்தாமல் கொய்வதன்றோ அடியார் மரபு!

1981ஆம் ஆண்டில் நந்தாதேவிச் சிகரம் ஏறிய ஹர்ஷவந்தி பிஷ்ட் என்னும் அம்மையார், 1990களில் சீர்பாசாவில் பூர்ச்ச நாற்றங்கால் அமைத்து, போஜ்பாசாவில் கன்றுகளை நட்டுக் காத்தார். மலை ஏறும் வன்மையுடையார், மலைக்குத் தொண்டும் செய்தார். நந்தவனம் வைத்தல் சிவத்தொண்டு என்பதை நாம் அறிவோம். கங்கையின் கரையில் மரம் வைத்தலும் அத்தொண்டே ஆகும்.

அன்பர்களே! கங்கோத்திரிக்குச் செல்லும் பேறு உங்களுக்கு வாய்க்கலாம். அங்கே பூர்ச்சத்தைக் கண்டால், சிவநூலைச் சுமந்த மரம் எனக் கைகூப்புங்கள். பட்டையை அதன் மேனியிலேயே விட்டு வாருங்கள். கடைவீதியில் பூர்ச்சத் தகட்டினை விலைகூறி நீட்டுவாராயின், வேண்டா என்று சொல்லுங்கள். திருவைந்தெழுத்தை எழுத நம் நெஞ்சம் போதும்.

திருச்சிற்றம்பலம்.