சொல்லுக்கு உரியவர் யார்?
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



எழுத்தாளன் திரைத்துறைக்குச் செல்வது குறித்துப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். இப்பொருளைப் பொதுவாகப் பேசுவதைவிட, நம் மாவட்டத்தவரான ஒருவரை முன்னிறுத்திப் பேசுவதே பயன்தரும் என்று கருதுகிறேன். அவர் ஜெயமோகன். அவருடைய திரைப்பணியையும், அவரைச் சூழ்ந்து எழுந்த இரு சர்ச்சைகளையும் எடுத்துக்கொள்கிறேன். புகழவோ இகழவோ அன்று. ஒரு சொல்லுக்கு உரியவர் யார் என்னும் வினாவுக்கு விடை தேடவே.

நம் பகுதிக்கும் திரைக்கும் உள்ள உறவு பழையது. ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் தம் நகைச்சுவைப் பகுதிகளைத் தாமே அமைத்துக்கொண்டவர். நாஞ்சில் நாடனின் 'தலைகீழ் விகிதங்கள்' நாவல் 2002இல் தங்கர் பச்சானின் 'சொல்ல மறந்த கதை'யாயிற்று. அயலூர்க் கதையொன்றும் நம் நினைவில் இருக்க வேண்டும். 'ராஜமுக்தி' படத்துக்கு எழுதப் புனே சென்ற புதுமைப்பித்தன், காசநோயோடு திரும்பி, 1948இல் திருவனந்தபுரத்தில் மறைந்தார். திரைத்துறை எழுத்தாளனுக்குக் கொடுப்பதும் உண்டு. அவனிடமிருந்து எடுத்துக்கொள்வதும் உண்டு.

ஜெயமோகன் 1962இல் பிறந்தவர். குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் புழங்கும் ஊர்களில் வளர்ந்தவர். 'ரப்பர்', 'விஷ்ணுபுரம்', 'ஏழாம் உலகம்', 'காடு' முதலிய நாவல்களால் நிலைபெற்ற பின்னரே திரைக்கு வந்தார். 2005இல் லோகிததாசின் 'கஸ்தூரி மான்' படத்துக்கு உரையாடல் எழுதினார். 2009இல் பாலாவின் 'நான் கடவுள்'. அதில் 'ஏழாம் உலக'த்தின் பிச்சைக்காரர் உலகம் திரையேறியது. 2010இல் வசந்தபாலனின் 'அங்காடித் தெரு'. பின்னர் 'நீர்ப்பறவை', 'கடல்', '2.0'. 2022இலும் 2023இலும் 'பொன்னியின் செல்வன்' இரு பாகங்கள். 2023இல் வந்த வெற்றிமாறனின் 'விடுதலை' முதற்பாகம் அவருடைய 'துணைவன்' சிறுகதையிலிருந்து முளைத்தது.

இவற்றுள் நம் கவனத்துக்கு மிகவும் உரியது 2012இல் மதுபால் இயக்கிய 'ஒழிமுறி' என்னும் மலையாளப் படம். தென்திருவிதாங்கூரின் மருமக்கள்தாயக் குடும்பங்கள் உடைந்த காலத்தைச் சொல்வது அது. கதையும் திரைக்கதையும் அவருடையவை. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையிலும் மருமக்கள்வழி நிலவியது என்பதையும், கவிமணி அதனை அங்கதமாகப் பாடியதையும் அறிந்த நமக்கு அப்படம் அயலாருடையது அன்று.

இனி முதற் சர்ச்சை. 2018 தீபாவளியை ஒட்டி ஏ.ஆர். முருகதாஸ் இயக்கிய 'சர்கார்' வெளிவந்தது. உரையாடலில் ஜெயமோகனுக்குப் பங்கு உண்டு. வெளியீட்டுக்கு முன்பே, பல்லாண்டுகளுக்கு முன் தாம் பதிவு செய்திருந்த கதை இதுவே என்று உதவி இயக்குநர் ஒருவர் முறையிட்டார். கே. பாக்யராஜ் தலைமையிலிருந்த தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கம் இரு கதைகளின் கருவும் ஒத்திருப்பதாகக் கூறியது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்து, முறையிட்டவருக்குப் படத்தில் நன்றி தெரிவிப்பதென்று ஏற்பாடாயிற்று. படம் வந்தபின் ஆளுங்கட்சியினரின் எதிர்ப்பு எழுந்தது. இலவசப் பொருள்களைத் தீயில் எறியும் காட்சி நீக்கப்பட்டது. ஒரு கதைமாந்தரின் பெயர் ஒலி மறைக்கப்பட்டது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. கதையைப் பற்றிய வினாக்கள் உரையாடல் எழுதியவரை நோக்கியும் வந்தன. ஆனால் ஒரு வணிகப் படத்தில் கரு ஒருவருடையது, காட்சி அடுக்கு பலருடையது, சொல் இன்னொருவருடையது. இறுதி முடிவோ எழுதியவர் கையில் இல்லை. எழுதிய சொல் நடிகரின் வாயில் மாறும், படத்தொகுப்பில் குறையும், எதிர்ப்பு வந்தால் வெட்டுப்படும். உரிமை அவருக்கு எவ்வளவோ பொறுப்பும் அவ்வளவே என்று கொள்வதுதான் நியாயம்.

அதே ஆண்டில் கேரளத்தில் நிகழ்ந்ததை இதனோடு ஒப்பிடலாம். 'இரண்டாமூழம்' நாவலுக்குத் தாம் எழுதிக்கொடுத்த திரைக்கதை ஒப்பந்தக் காலத்துக்குள் படமாகவில்லை என்று எம்.டி. வாசுதேவன் நாயர் கோழிக்கோடு நீதிமன்றம் சென்றார்; 2020இல் சமரசம் ஏற்பட்டு அவர் திரைக்கதை அவரிடமே திரும்பியது. நான்கு முறை திரைக்கதைக்கான தேசிய விருது பெற்ற அப்பெருமகனுக்கு அது இயன்றது. காரணம் அவர் புகழ் மட்டுமன்று, கையிலிருந்த ஒப்பந்தத்தாளும் ஆகும். மலையாளத்தில் திரைக்கதை நூலாக அச்சேறி இலக்கியமாகப் படிக்கப்படுகிறது. அதனால் அங்கே ஆசிரியன் யார் என்பதில் ஐயம் குறைவு.

இரண்டாம் சர்ச்சை வேறு வகையானது. கொடைக்கானல் குணா குகையில் 2006இல் நிகழ்ந்த விபத்தைக் கதையாகக் கொண்ட 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' 2024 பிப்ரவரியில் வெளிவந்து தமிழ்நாட்டிலும் பெருவெற்றி கண்டது. அடுத்த மாதமே ஜெயமோகன் ஒரு கட்டுரை எழுதினார். படம் குடிகாரர்களைக் கொண்டாடுகிறது என்றார். மலைகளுக்கும் காடுகளுக்கும் வரும் கேரளத்து இளைஞர்களின் குடியையும், குப்பிகளை எறிந்து செல்லும் போக்கையும் கடுமையான சொற்களால் சாடினார். மலையாள எழுத்துலகிலும் திரையுலகிலும் கண்டனம் எழுந்தது.

இங்கே இயக்குநர் இல்லை, தயாரிப்பாளர் இல்லை, வெட்டுபவரும் இல்லை. ஒவ்வொரு சொல்லும் அவருடையதே. ஆகவே முழுப் பொறுப்பும் அவருடையதே. அக்கட்டுரையின் சினம் எங்கிருந்து வருகிறதென்று 'யானை டாக்டர்' கதையைப் படித்தவர் அறிவர். காட்டில் உடைந்து கிடக்கும் மதுக்குப்பி யானையின் காலைத் துளைத்து அதனைப் புழுக்க வைத்துக் கொல்வதை நாம் மறவாதபடி எழுதியவர் அவர். அந்தச் சினத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கதையில் அச்சினம் குப்பியை எறிந்த கையைச் சுட்டியது. கட்டுரையில் அது ஒரு மக்களினத்தின் மேல் பரவிவிட்டது. கதையைக் கொண்டாடியவர்களே கட்டுரையில் முகம் சுளித்ததற்கு இதுவே காரணம் என்று எண்ணுகிறேன்.

1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்து, போராடித் தமிழகத்தோடு இணைந்த மாவட்டம் நம்முடையது. எல்லைக்கு அப்பால் பெண் கொடுத்தும் கொண்டும் வாழ்கிறோம். 'மலையாளி' என்றோ 'பாண்டி' என்றோ ஒரு சொல்லில் ஓரினத்தை அடைப்பதன் வலியை இருபக்கமும் பட்டவர்கள் நாம். 'ஒழிமுறி'யை எழுதிய, மலையாளத்திலும் நூல் படைத்த ஒருவரிடமிருந்து அப்பொதுமைப்படுத்தல் வந்ததே நமக்குக் கூடுதல் வருத்தம். ஆயினும், ஒரு கட்டுரைக்காக நாற்பதாண்டுப் படைப்பையும் தள்ளிவிட வேண்டும் என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. 'வெண்முரசு' இருபத்தாறு நாவல்களையும் அக்கட்டுரையால் அளக்க இயலாது; அக்கட்டுரையின் பிழையை 'வெண்முரசா'ல் மறைக்கவும் இயலாது. ஒவ்வொன்றையும் அதனதன் தராசில் வைப்பதே வாசகனின் கடமை.

கவிஞர்களே, உங்களில் சிலருக்கு நாளை பாட்டெழுத அழைப்பு வரலாம். தயங்காது செல்லுங்கள். ஆனால் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டப்படி, திரைப்படத்தில் இடம்பெறும் பாடலின் ஆசிரியர், அது திரையரங்குக்கு வெளியே பயன்படும்போது கிடைக்கும் உரிமைத்தொகைப் பங்கைப் பிறருக்கு விட்டுக்கொடுத்துவிட முடியாது. உங்கள் சொல் எங்கே உங்களுடையது, எங்கே பிறருடையது என்று அறிந்து எழுதுங்கள். முழுவதும் உங்களுடையதான இடத்தில், அந்தச் சொல் யார்மீது போய் விழும் என்பதையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.