பக்கத்துச் சொல்லைப் பார்க்கும் இயந்திரம்



"பெட்டி பென்னுக்குள் இருந்தது." ஆங்கிலத்தில் 'பென்' என்றால் பேனா, குழந்தையை விளையாட விடும் அடைப்புக்கும் அதே பெயர். பேனாவுக்குள் பெட்டி அடங்காதென்று நமக்குத் தெரியும், இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? 1960-இல் இப்படிக் கேட்டார் இயந்திர மொழிபெயர்ப்பு ஆய்வாளர் யெகோசுவா பார்-ஹில்லெல். அன்று விடை சொல்ல ஆளில்லை.

திசை மட்டும் தெரிந்திருந்தது. சொல்லைத் தனியே பார்க்காதே, இருபுறமும் நிற்கும் சொற்களையும் பார் என்று 1949-லேயே சொல்லியிருந்தார் கணிதவியலாளர் வாரன் வீவர். 1986-இல் கணிப்பொறி ஆய்வாளர் மைக்கேல் லெஸ்க் அகராதியையே துணைக்கு அழைத்தார். எந்தப் பொருள்விளக்கம் அக்கம்பக்கத்துச் சொற்களின் விளக்கத்தோடு அதிகம் ஒத்துப்போகிறதோ, அதுவே பொருள் என்றார். 2018-இல் பெர்ட் என்ற மொழி மாதிரி வந்தது. வாக்கியத்துக்கு வாக்கியம் சொல்லின் முகம் மாறுவதை இயந்திரம் கணக்கில் கொண்டது. 2020 வாக்கில், சொல்லுக்குச் சரியான பொருளைத் தேரும் ஆங்கிலப் பொதுச் சோதனையில் ஆய்வாளர்கள் நூற்றுக்கு 80-ஐத் தாண்டிவிட்டார்கள்!

அந்த எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். அடிக்கடி வரும் பொருளையே கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் பாதிக்கு மேல் சரியாகிவிடும். அரிய பொருள் வரும்போதுதான் இயந்திரம் தடுமாறுகிறது. இன்னொன்று: அந்த வெற்றிக்கு அடியில் மனித உழைப்பு இருக்கிறது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1985-இல் தொடங்கிய வேர்ட்நெட் என்ற சொற்பொருள் தரவுத்தளத்தை வைத்து, உரைகளில் வரும் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களுக்கு மனிதர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொருள் குறித்தார்கள்.

தமிழுக்கு வருவோம். 'படி' என்ற சொல்லைப் பாருங்கள். 'படித்தான்' என்றால் கல்வி. 'படிந்தது' என்றால் தூசி. வினையின் வடிவமே பாதி வேலையை முடித்துவிடுகிறது! இந்த வசதி ஆங்கிலத்துக்கு இவ்வளவு இல்லை. ஆனால் 'படியில் வைத்தாள்' என்றால்? வாசற்படியா, அரிசி அளக்கும் படியா? அங்கே பக்கத்து வாக்கியம் வேண்டும். அந்த வாக்கியங்களைத் தொகுத்துப் பொருள் குறித்து வைத்திருக்கிறோமா? இந்திய மொழிகளுக்கான இந்தோவேர்ட்நெட்டில் தமிழ் இருக்கிறது. எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு க்ரியா பதிப்பகத்தின் தற்காலத் தமிழ் அகராதி 1992-இல் வந்தது. ஆனால் ஆங்கிலத்துக்கு இருக்கும் அளவில் பொருள் குறித்த தொகுப்பு நம்மிடம் இல்லை. இது எனக்குப் பெருங்கவலை.

இதைச் செய்யக் கணிப்பொறி மேதை வேண்டாம். தமிழ் தெரிந்தவர் வேண்டும், தமிழ்த்துறையினரான நீங்கள் வேண்டும்! ஒவ்வொரு துறையும் சில சொற்களை ஏற்றுக்கொள்ளட்டும். நாளிதழ், சிறுகதை, பேச்சு வழக்கு என்று எல்லா இடத்திலிருந்தும் வாக்கியம் திரட்டுங்கள். ஒரே வாக்கியத்துக்கு இருவர் தனித்தனியே பொருள் குறியுங்கள். கருத்து மாறுபட்டால் அதை அழித்துவிடாதீர்கள், அப்படியே பதிவு செய்யுங்கள். சொற்பொருள் அகராதியில் எண்ணிட்டபடி தனித்தனியே நிற்கிறதா என்று 1997-இல் அகராதியியல் ஆய்வாளர் ஆடம் கில்கேரிஃப் எழுப்பிய ஐயம் இன்னும் தீரவில்லை. நீங்கள் மாறுபடும் இடங்கள் அந்த ஐயத்தை ஆராயவும் உதவும். தொகுப்பை யாரும் எடுத்தாளும்படி பொதுவில் வையுங்கள். இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்குங்கள்.