நாவுக்கு ஒரு காவல்

நெல்லியடிச் சந்தியிலிருந்து உடுப்பிட்டி வழியாகத் தொண்டைமானாற்றுக்குப் போனால் செல்வச்சந்நிதி முருகன் கோயில் வரும். அங்கே பூசகர் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டுதான் வேலுக்குப் பூசை செய்கிறார். மந்திரம் ஒலிப்பதில்லை. ஆலமிலையில் அமுது படைப்பதும் தீபம் காட்டுவதும் கட்டிய வாயோடுதான். கதிர்காமத்திலும் வாய் கட்டும் இந்த வழக்கம் உண்டு. மூச்சும் எச்சிலும் படாதிருக்க வேண்டும் என்ற துப்புரவை இதற்குக் காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. அதை மறுக்கத் தேவையில்லை. ஆனாலும் அதைப் பார்த்துக் கும்பிடுகிற எங்களுக்கு அதில் இன்னொரு பாடமும் இருக்கிறது என்பேன். பூசகரின் வாயைக் காக்க வெளியிலிருந்து ஒரு துணி வேண்டியிருப்பதுபோல, நாவைக் காப்பதற்கு எங்கள் மனவுறுதி மட்டும் போதாது. அந்தக் காவலை இறைவனிடம் கேட்டு வாங்க வேண்டும்.

ஏன் நாவுக்கு மட்டும் இவ்வளவு பயம்? மணிமேகலை சொல்லும் பத்துத் தீமைகளை எண்ணிப் பாருங்கள். கொலை, களவு, காமம் என்று உடம்பால் வருபவை மூன்று. உள்ளத்தால் வருபவையும் மூன்றே. சொல்லால் வருபவையோ நான்கு: பொய், கோள், கடுஞ்சொல், பயனில்லாத பேச்சு. வள்ளுவரும் புறங்கூறாமைக்கு ஓர் அதிகாரம் வைத்துவிட்டு, அதை அடுத்தே பயனில சொல்லாமைக்கு இன்னோர் அதிகாரம் வைத்தார். களவெடுக்கப் போகிறவன் இருட்டும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் மனச்சாட்சி விழித்துக்கொள்ள நேரமுண்டு. சொல்லுக்கு அந்த அவகாசம் இல்லை. சந்தையில் மரக்கறி தெரிந்துகொண்டு நிற்கையில், "உமக்குத் தெரியுமே, அந்த வீட்டுப் பெட்டை…" என்று ஒருவர் கதையைத் தொடங்குவார். கேட்டவர் தன் பங்குக்கு ஒரு வரி சேர்ப்பார். அந்த வரி, கலியாணம் பேசிக்கொண்டிருக்கும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். முன்பு மொட்டைக் கடிதம் செய்த வேலையை இன்று வாட்ஸ்அப் செய்கிறது; அன்று தாளும் முத்திரையும் தேட வேண்டியிருந்தது, இன்று ஒரு விரல் போதும். சோதனை வந்தபின் மனத்தைத் திரட்ட நேரமில்லை என்றால், அது வருமுன்பே ஆயத்தமாக வேண்டும். காலையில் செய்யும் பிரார்த்தனை அந்த ஆயத்தந்தான்.

நாவு என்னுடையது, அடக்க வேண்டியவனும் நானே, கடவுளைக் கூப்பிடுவது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதுதானே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் காவல் கேட்பவர் தன் பங்கையும் செய்ய முன்வருகிறார். விவிலியத்தின் 141ஆம் சங்கீதத்தில் ஒருவர் தன் வாய்க்குக் காவல் வைக்கும்படி ஆண்டவரிடம் மன்றாடுகிறார். அந்த மன்றாட்டு அதோடு நிற்கவில்லை. தீயவர்களின் ருசியான பதார்த்தங்களில் தனக்குப் பங்கு வேண்டாம் என்கிறது. நல்லவர் தன்னைக் கண்டித்தால் ஏற்றுக்கொள்வேன் என்கிறது. கூட்டாளிகளை விலக்கவும் கண்டிப்பைத் தாங்கவும் தயாராக இருப்பவர் பொறுப்பைத் தட்டிக்கழித்தவர் ஆகமாட்டார். கோயிலால் வரும் வழியிலேயே ஊர்த்துளாவாரம் கதைப்பவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். அவர்கள் வேறு எதையோ கேட்டுக் கும்பிட்டிருப்பார்கள்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. வாயை மூடிக்கொண்டிருந்து இந்த மண் பட்டது போதாதா என்பது அது. பயத்தால் வந்த மௌனத்தைப் பக்தி என்று சொல்ல எனக்கும் மனம் வராது. ஆனால் சொல்லால் வரும் அந்த நான்கு தீமைகளில் உண்மை பேசுவது இல்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் தாய்மார் அமர்ந்து, காணாமல் ஆக்கப்பட்ட தங்கள் பிள்ளைகள் எங்கே என்று கேட்கத் தொடங்கினார்கள். அந்தக் கேள்வியில் பொய்யில்லை, கோளில்லை, வீண்பேச்சும் இல்லை. நாவுக்குக் காவல் கேட்கிறவர் அந்தத் தாய்மாருக்குப் பக்கத்தில் போய் இருந்து, அதே கேள்வியைத் தானும் உரக்கக் கேட்கலாம். அதற்கு எந்தக் காவலும் தடையில்லை.