கூட இருக்க ஆள் யார்?

(நமது முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரை. மேடையில் நேரமின்றி விட்டுப்போன சிலவற்றையும் சேர்த்து, மலருக்காக எழுதித் தந்தது.)

என்னோடு படித்து என்னைவிட அதிகமாக நரைத்துப்போன நண்பர்களே!

"தில்லியில் என் அனுபவங்கள்" என்று தலைப்புக் கொடுத்து, பத்து நிமிஷம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். செயலாளரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, ஒரே ஒரு அனுபவத்தை மட்டும் சொல்லப்போகிறேன். மத்திய அரசில் முப்பது வருஷம் ஃபைல் தள்ளின கதையைச் சொன்னால் உங்களுக்குத் தூக்கம் வரும். சாப்பாட்டு நேரம் வேறு நெருங்கிக்கொண்டிருக்கிறது.

1999 ஜனவரி. எனக்கு ஐம்பது வயது. ராமகிருஷ்ணாபுரம் அரசு குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தேன். மகளுக்குத் தலைப்பிரசவம் என்று என் மனைவி இரண்டு மாதம் முன்பே திருவட்டாற்றுக்குப் போய்விட்டாள். தில்லி பனியில் பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போதெல்லாம் நெஞ்சில் ஒரு பாரம். வாயுக்கோளாறு என்று நானே முடிவு செய்து, நானே மருந்தும் தின்றேன். விஞ்ஞானம் படித்தவன் செய்கிற வேலையா இது? பாட்டனி வாத்தியார் முன்வரிசையில் இருப்பதால் இதற்குமேல் சொல்லவில்லை.

எய்ம்ஸில் ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்தார்கள். மூன்று குழாயிலும் அடைப்பு. பைபாஸ் செய்யணும், தள்ளிப்போட முடியாது என்றார் டாக்டர். நான் ஊருக்குப் போய் திருவனந்தபுரத்தில் செய்துகொள்கிறேன் என்றேன். ஸ்ரீ சித்திரைத் திருநாள் இன்ஸ்டிடியூட் எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேர பஸ். இந்தியாவில் செய்த செயற்கை வால்வை 1990லேயே நோயாளிக்குப் பொருத்தின இடம். டாக்டர் கேட்டார்: "ரயிலில் ஐம்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவில் ஏதாவது ஆனால் இறங்க ஸ்டேஷன் இருக்கும், ஆஸ்பத்திரி இருக்குமா?" என்னிடம் பதில் இல்லை.

பைபாஸ் ஒன்றும் புரியாத வித்தையில்லை. 1967ல் அமெரிக்காவில் க்ளீவ்லாண்டில் ஃபவலோரோ என்ற அர்ஜென்டினாக்காரர் வழிகாட்டினது. நம் நாட்டில் 1975ல் சென்னை பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் கே.எம். செரியன் செய்தார். வாய்க்கால் தூர்ந்து கிடந்தால், மேலே ஓரிடத்தில் வரப்பை வெட்டிப் பக்கத்தில் ஒரு சால் கீறி வயலுக்குத் தண்ணீர் விடுவோமில்லையா, அதுதான். காலிலிருந்து ஒரு ரத்தக்குழாயை உருவி எடுத்து அடைப்புக்கு மேலும் கீழுமாக ஒட்டுகிறார்கள். மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் வாய்க்காலுக்கு நெஞ்செலும்பு கிடையாது. நமக்கு அதை நெடுக அறுத்துத் திறந்து, வேலை முடிந்ததும் கம்பி போட்டுக் கட்டுகிறார்கள். அந்தக் கம்பி இப்போதும் உள்ளேதான் இருக்கிறது.

அட்மிஷன் அன்று ஒரு நர்ஸ் இந்தியில் விவரம் எழுதிக்கொண்டிருந்தாள். நிரந்தர முகவரியில் கன்னியாகுமரி ஜில்லா என்று கண்டதும் சட்டென்று மலையாளத்துக்கு மாறிவிட்டாள். நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போதுதான், 1956 நவம்பர் 1ல், நம் ஊர் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. ராஜ்யம் மாறினாலும் பாஷை நாக்கை விட்டுப் போய்விடுமா? அவள் கேட்டாள்: "கூட்டிரிக்கான் ஆருண்டு?"

கூட இருக்க ஆள் யார்? அந்தக் கேள்விக்கு முன்னால் எனக்கு பயம் இல்லை. அப்போதுதான் வந்தது.

எங்கள் தாத்தாவுக்கு நெய்யூர் ஆஸ்பத்திரியில் குடல்புண் ஆபரேஷன். செய்தவர் சாமர்வெல் துரை. பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன்: ஒரு நோயாளிக்கு இரண்டு மாட்டுவண்டி. ஒன்றில் தாத்தா, மற்றதில் அரிசி, விறகு, பானை, இரண்டு அத்தைமார், ஒரு சித்தப்பா. ஆபரேஷன் தாத்தாவுக்கா, குடும்பத்துக்கா என்று தெரியாத அளவுக்குக் கூட்டம். நானோ தில்லியில், தேசத்தின் பெரிய ஆஸ்பத்திரியில், நாலு நூறு பேருக்கு நடுவில் நின்றுகொண்டு, "ஆருமில்ல சிஸ்டர்" என்கிறேன்.

ஆள் இல்லாமல் இல்லை, நான் யாரிடமும் சொல்லவில்லை. மகளுக்கு நாள் நெருங்கிவிட்டது. இந்த நேரத்தில் சொன்னால் அங்கே என்ன ஆகுமோ! முந்தின இரவு 11 மணிக்கு மேல் எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். கால் கட்டணம் என்பது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். எதிர்வீட்டு போனில்தான் கூப்பிடணும். அவளிடம், "ஆபீஸ் டூர் போறேன். மலைப்பக்கம். பத்துப் பதினஞ்சு நாள் போன் வராது" என்றேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "கம்பிளி எடுத்தியளா?"

கூட இருக்க வந்தவர் எங்கள் ஆபீஸ் டப்தரி. கட்வால் மலைக்காரர். பதினொரு வருஷமாக அவரை மணி அடித்துத்தான் கூப்பிட்டிருக்கிறேன். அவர் வீடு எங்கே, பிள்ளைகள் எத்தனை, ஒன்றும் தெரியாது. லீவு விண்ணப்பத்தைக் கொடுக்கப் போனபோது விஷயத்தைக் கேட்டார், மறுநாள் காலையில் ஒரு கம்பளியோடு வார்டில் வந்து நின்றார். சம்மதப் படிவத்தில் சொந்தக்காரர் கையெழுத்துப் போடணும். உறவுமுறை என்ற கட்டத்தில் யாரையும் கேட்காமல் "பாயி" என்று எழுதினார். அண்ணன் தம்பி!

ரத்தத்துக்கு நாலு பேர் வேண்டும் என்றார்கள். காசு வாங்கிக்கொண்டு ரத்தம் கொடுப்பது கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1996ல் தீர்ப்புச் சொல்லி, 1998லிருந்து அது நின்றுபோயிருந்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் ஊர் விட்டு ஊர் வந்தவன் நாலு பேரை எங்கே தேடுவான்? இரண்டு பேர் ஆபீஸில் கிடைத்தார்கள். மற்ற இருவரும் நம் கல்லூரிக்காரர்கள். ஒருவர் விமானப்படையில் இருந்தார். இன்னொருவர் எனக்கு ஜூனியர், இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். பெயர் சொல்லக்கூடாது என்று காலையில் கையெடுத்துக் கும்பிட்டதால் விட்டுவிடுகிறேன். இருபது வருஷமாக ஒரு கடுதாசி போடாதவனுக்கு, பனியில் இரண்டு பஸ் மாறி வந்து ரத்தம் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "அண்ணே, ஹாஸ்டல் கணக்குல எனக்கு நீங்க ஒரு பொறோட்டா கடன்" என்றார்.

ஆபரேஷனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த சில மணி நேரமும் எனக்கு லீவு. கண் விழித்தபோது தொண்டைக்குள் குழாய். பேச முடியாது. தண்ணீர் தாகம் என்று கையால் எழுதிக் காட்டினேன், அதுவும் தமிழில்! இரவா பகலா என்று தெரியவில்லை. எங்கோ ஆறு ஓடுகிற சத்தம் கேட்டது. நம் ஊரைச் சுற்றி ஓடுகிற ஆறுதான் என்று நிச்சயமாக நம்பினேன். மூச்சு மெஷின் சத்தம் என்று பிறகு சொன்னார்கள்.

அதற்கப்புறம்தான் உண்மையான வேலை. இருமணும். சளி நெஞ்சில் தங்கினால் நிமோனியா வரும். ஆனால் அறுத்துக் கட்டின எலும்பை வைத்துக்கொண்டு இருமுவது இருக்கிறதே, அதை எதிரிக்கும் நினைக்க மாட்டேன். அந்த மலையாளி நர்ஸ் ஒரு தலையணையை என் கையில் கொடுத்து, நெஞ்சோடு அணைத்து அழுத்திக்கொண்டு இருமச் சொன்னாள். பயந்து கிடந்தேன். அப்போது நினைவுக்கு வந்தது நம் சாமர்வெல் துரைதான். 1924 ஜூன் 4ல் எவரெஸ்டில் ஏறக்குறைய 28,000 அடி வரை ஆக்ஸிஜன் இல்லாமல் ஏறினார். இறங்கும்போது, குளிரில் வெந்துபோன தொண்டைச் சதை கழன்று மூச்சுக்குழாயை அடைத்துவிட்டது. சத்தம் போட முடியவில்லை. சாகத்தான் போகிறோம் என்று பனியில் உட்கார்ந்தவர், கடைசியாக இரண்டு கையாலும் நெஞ்சை ஓங்கி அழுத்தினார். அடைப்பு வெளியே வந்து விழுந்தது. மூச்சு வந்தது. அப்படிப்பட்டவர் எங்கள் தாத்தா வயிற்றில் கத்தி வைத்தவர்! நான் ஒரு தலையணையை அழுத்த மாட்டேனா? இருமினேன். கண்ணில் பூச்சி பறந்தது. "மிடுக்கன்" என்றாள் நர்ஸ்.

ஆறாம் நாள் டப்தரி ஒரு சின்ன லட்டு டப்பாவோடு வந்தார். ஊரிலிருந்து ஆபீஸுக்கு போன் வந்திருக்கிறது. "சாப், நானா பன் கயே" என்றார். தாத்தா ஆகிவிட்டீர்கள் என்று. பேத்தி பிறந்து ஒரு நாள் முழுக்க ஆகியிருந்தது. எனக்கு அழுகை வந்தது. அழுதாலும் நெஞ்செலும்பு வலிக்கும், தெரியுமோ? தலையணையை அணைத்துக்கொண்டே அழுதேன். அவர் என் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். லட்டை நான் தின்னக்கூடாது, அவர்தான் தின்றார்.

பத்தாம் நாள் டிஸ்சார்ஜ். வெளியே வரும்போது நடைபாதை ஓரத்தில் பீகாரிலிருந்தும் உ.பி.யிலிருந்தும் வந்த குடும்பங்கள் கம்பளி போர்த்தி, செங்கல் அடுப்பு மூட்டி உட்கார்ந்திருந்தன. உள்ளே கிடக்கிற யாரோ ஒருவருக்காக. முன்பெல்லாம் அந்த வழியாகப் போகையில் மூக்கைப் பொத்தியிருக்கிறேன். அன்றைக்கு எனக்குப் பொறாமையாக இருந்தது.

டப்தரியும் அவர் மனைவியும் என் குவார்ட்டர்ஸிலேயே வந்து தங்கினார்கள். முதுகு தேய்த்துக் குளிப்பாட்டினார். உப்புக் குறைத்துக் கிச்சடி செய்தார்கள். நாக்கில் ருசியே இல்லை. புழுங்கலரிசிக் கஞ்சியும் சிறுபயறும் கேட்டு மனசு அழுதது. அந்த நர்ஸ் ஒரு நாள் டியூட்டி முடிந்து தூக்குப்பாத்திரத்தில் கொண்டுவந்து தந்தாள்.

மறுநாள் இரவு 11 மணிக்கு, டப்தரி தோளைப் பிடித்துக்கொண்டு பூத்துக்குப் போனேன். டூர் முடிந்து வந்தாச்சு, பேத்தி எப்படி என்று உற்சாகமாகத்தான் ஆரம்பித்தேன். இடையில் இருமல் வந்துவிட்டது. தலையணை இல்லை, கையால் நெஞ்சை அமுக்கிக்கொண்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அவள் கேட்டாள்: "எந்த ஆசுத்திரி?"

சொன்னேன். வேறு வழியில்லை. மீட்டரில் ரூபாய் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அழவில்லை. "பிள்ள பெத்தவளுக்கு நான் இருந்தேன். ஒங்களுக்கு ஆரு இருந்தா? எனக்க கிட்ட ஒரு வார்த்த செல்லல்லியே" என்று வைத்துவிட்டாள்.

பேத்திக்கு இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்டிவிட்டு, கேரளா எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினாள். பனியால் வண்டி ஏழு மணி நேரம் தாமதம். ஒரு சாக்கு புழுங்கலரிசி, நார்த்தங்காய், டப்தரி மனைவிக்கு ஒரு சேலை. இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னோடு நாலு நாள் பேசவில்லை. நல்லெண்ணத்தில்தான் மறைத்தேன் என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "ஒங்களுக்கு நல்லது. எனக்கு?" என்றாள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் டூர் என்ற வார்த்தையைச் சொல்ல முடியாது.

சில வருஷம் கழித்து டப்தரிக்குக் கல் எடுக்க ஒரு ஆபரேஷன். அந்தப் படிவத்தில் "பாயி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். கிளார்க் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், இந்த மண்டபத்தில் பாதிப் பேர் பிள்ளைகள் துபாயிலும் அமெரிக்காவிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். அன்று நான் சொன்ன பொய்யை இன்று நீங்கள் பிள்ளைகளிடம் சொல்கிறீர்கள், பிள்ளைகள் உங்களிடம் சொல்கிறார்கள். இப்போதுதான் வீடியோ கால் இருக்கிறதே என்பீர்கள். எங்கள் ஊர் ஆதிகேசவப் பெருமாளை முழுசாகப் பார்க்க மூன்று வாசல் வழியாகப் பார்க்கணும். முகத்துக்கு ஒன்று, நடு உடம்புக்கு ஒன்று, பாதத்துக்கு ஒன்று. போனில் முதல் வாசல் மட்டும்தான் திறக்கிறது. நெஞ்சில் தையலும் காலில் வீக்கமும் அதில் தெரியாது.

கூட இருப்பவருக்குப் பெரிய படிப்பு வேண்டாம். எலும்பு சேர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், அதுவரை நோயாளியைக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக்கூடாது. கனம் எடுக்க விடக்கூடாது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வைக்கணும். காரணமில்லாமல் அழுவார், எரிந்து விழுவார், எல்லாம் முடிந்தது என்பார். பலருக்கு வரும், பெரும்பாலும் போகும். போகாவிட்டால் டாக்டரிடம் சொல்லணும். ராத்திரி இரண்டு மணிக்கு முழித்துப் பார்க்கையில் நாற்காலியில் ஒரு ஆள் தெரியணும். மருந்துச்சீட்டில் இதை எழுத மாட்டார்கள்.

2009ல் ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபின், திருவனந்தபுரத்திலும் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜிலும் ஆளில்லாதவர்களுக்குக் கூட்டிருந்திருக்கிறேன். வயசு ஆகிவிட்டது, இனி ராத்திரி விழிக்க முடியாது. அதனால் வெளியே சாப்பாட்டுப் பந்தலுக்குப் போகிற வழியில், மேசைமேல் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பெயர், ஊர், போன் நம்பர், ரத்தப் பிரிவு, எந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு வர முடியும் என்று ஐந்து கட்டம். சென்னை, பெங்களூர், தில்லியில் இருப்பவர்கள் கட்டாயம் எழுதுங்கள். முதல் பெயர் என் மனைவியுடையது, எனக்கு முன்னாலேயே எழுதிவிட்டாள். பேனாவை நூலில் கட்டியிருக்கிறது, யாரும் கொண்டுபோக வேண்டாம்.