குழாய்நீரும் ஓர் அமானிதமே



அன்பார்ந்த பெற்றோர்களே, இளைஞர்களே! புகழனைத்தும் வல்ல அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

ஒரு ஜும்ஆவின் பின்னர் வாலிபர் ஒருவர் என்னிடம் வினவினார்: "மௌலவி, தண்ணீர் அல்லாஹ்வின் நிஃமத் அல்லவா? நீர்மானியைத் தவிர்த்து இணைப்பெடுத்தால் அது குற்றமாகுமா?"

நீரிலும் புல்லிலும் நெருப்பிலும் மக்கள் பங்காளிகள் என்ற கருத்துடைய ஹதீஸ் அபூதாவூதில் பதிவாகியுள்ளது. எனினும், ஆற்றிலும் குளத்திலும் கிடக்கும் நீர் வேறு. உழைத்துச் சேகரித்த நீர் வேறு. பின்னையது சேகரித்தவரின் உடைமை, அதனை விற்கலாம் என்பதே பெரும்பாலான இமாம்களின் தீர்ப்பாகும்.

மட்டக்களப்பை எடுத்துக்கொள்ளுங்கள். உன்னிச்சைக் குளத்து நீரைச் சுத்திகரித்து, குளோரின் இட்டு, நம் வாசல்வரை கொண்டு வருவது 1975 முதல் இயங்கிவரும் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையாகும். அதற்கான மின்சாரமும் மருந்தும் ஊழியமும் பொதுப்பணத்தில் நடைபெறுகின்றன. நாம் செலுத்தாத கட்டணத்தை, ஒழுங்காகச் செலுத்தும் ஏழை விதவையும் சேர்ந்தே சுமக்கிறாள்.

சிந்தியுங்கள்! அபகரித்த நீரில் செய்யும் வுழூ ஷாஃபிஈ மத்ஹபின்படி நிறைவேறும். ஆயினும் அவ்வாறு செய்வது ஹராம். ஹன்பலி மத்ஹபின் பிரபலமான கருத்தின்படியோ அந்த வுழூவே நிறைவேறாது. தொழுகைக்கான தூய்மையையே பாவத்தால் தேடுவதா?

தீங்கு அத்துடன் நின்றுவிடுவதில்லை. இரகசியமாகத் துளைத்த குழாயின் மூட்டு கசியும். விநியோகம் நின்று அழுத்தம் குறையும்போது, அதே துவாரம் வெளியிலுள்ள நீரை உள்ளிழுக்கும். நம் கரையோர ஊர்கள் மணற்பாங்கானவை, வீடுகளோ நெருக்கமானவை. மலசலகூடக் குழிகளின் கழிவு அந்நிலத்தில் இலகுவாக ஊறிப் பரவும். அது குழாயினுள் புகுந்தால், அயல்வீட்டுக் குழந்தையின் கோப்பையை அடையும். தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையே தடுத்த மார்க்கம் இதனை அனுமதிக்குமா?

மதீனாவில் குடிநீருக்கு மக்கள் சிரமப்பட்டபோது உஸ்மான் (ரழி) அவர்கள் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி முஸ்லிம்களுக்கு வழங்கினார்கள். தமக்கென மேலதிக உரிமை எதனையும் வைத்துக்கொள்ளவில்லை. மற்றவர்களின் வாளிகளோடு அவர்களது வாளியும் ஒன்றாகவே இறங்கியது. பணம் கொடுத்தவரே சமபங்கோடு நின்றார். பணம் கொடுக்காத நாம் அதிக பங்கு கேட்கலாமா?

அதிகாரிகளும் இந்த அமானிதம் பற்றி விசாரிக்கப்படுவார்கள். நீர் ஒழுங்காக வராவிடின் பள்ளி நிர்வாகத்தினூடாக எழுத்தில் முறையிடுங்கள். அது நமது உரிமை. களவு அதற்குப் பரிகாரமாகாது.

பெற்றோர்களே, உங்கள் வீட்டு இணைப்பை இன்றே பரிசோதியுங்கள். தவறிருப்பின் சபையின் காரியாலயம் சென்று சீர்செய்து, நிலுவையைச் செலுத்துங்கள். மலசலகூடக் குழி நிரம்பி வழியுமுன் அகற்ற ஏற்பாடு செய்யுங்கள். மனிதர்களின் ஹக்கைத் திருப்பிக் கொடுக்காமல் தவ்பா முழுமை பெறுவதில்லை.

வல்ல அல்லாஹ் நமது நீரையும் உள்ளங்களையும் தூய்மைப்படுத்துவானாக! ஆமீன்.